சமையலறை இடிபடும் நாட்களில் நடை பழகும் குழந்தை

சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று முடிவானதும் பேச்சு நேராக மேடைக்கு என்ன கல், அலமாரிக்கு என்ன நிறம் என்பதற்குப் போய்விடும். வீட்டில் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை இருந்தால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். வேலை நடக்கும் இடம் எங்கே முடிகிறது, குழந்தை இருக்கும் இடம் எங்கே தொடங்குகிறது, நடுவில் உள்ள எல்லையை யார், எப்போது, எப்படித் தாண்டுவது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். இந்த வயதில் குழந்தை தரையோடு தரையாக இருக்கிறது. கிடைத்ததை வாயில் வைத்துப் பார்க்கிறது, கால் பதியும் இடத்தில் எல்லாம் ஏறுகிறது, தொங்குவதை எல்லாம் இழுக்கிறது. கட்டட வேலையும் எல்லாவற்றையும் தரையில்தான் விட்டுப் போகிறது. தூசி, ஆணி, ஒயர்த் துண்டு, சிமென்ட் கரைசல், வாளித் தண்ணீர் என எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரே தரையை இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

தூசி

கீழே விழுவதற்கும் வெட்டுக்காயத்துக்கும் பயப்படும் அளவுக்குத் தூசிக்கு யாரும் பயப்படுவதில்லை. காயம் உடனே தெரிகிறது, தூசி தெரிவதில்லை. இந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கவனமும் பணமும் ஒதுக்க முடியும் என்றால், தூசிக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

பழைய வீடு என்றால் முதல் சந்தேகம் ஈயம். கதவு, ஜன்னல் சட்டம், கம்பி ஆகியவற்றின் மேல் பல ஆண்டுகளுக்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயின்ட்டில் அது இருக்க வாய்ப்பு அதிகம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. விழுங்கிய ஈயத்தில், பெரியவர்களின் உடல் ஏற்பதைவிட நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் ஏற்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக உள்ள குழந்தைக்கு இது இன்னும் கூடும். பெயின்ட் உரியாமல் மரத்தோடு ஒட்டிக் கிடக்கும் வரை பெரிதாகப் பாதகம் இல்லை. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பதும், கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதும், ஹீட் கன்னால் சுட்டு உரிப்பதும்தான் அதைத் தூளாகவும் ஆவியாகவும் வீடெங்கும் பரப்புகின்றன. வேலை தொடங்கும் முன்பே, அடியில் உள்ள மரமோ பூச்சோ தெரியும் வரை எல்லாப் படலங்களும் சேர்ந்து வரும்படி ஒரு சில்லை எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் தேய்த்து நிறம் பார்க்கும் சோதனைக் குச்சிகள் அடிப்படலத்தில் இருக்கும் ஈயத்தைத் தவறவிடக்கூடும். ஈயம் இருப்பது உறுதியானால், சட்டத்தைச் சுரண்டாமல் முழுதாகக் கழற்றி வெளியேற்றலாம். இல்லாவிட்டால் ஈரம் போட்டுத் தேய்த்து, வந்த கழிவைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும் வரை குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது. தெரியாமல் ஏற்கெனவே தேய்த்துவிட்டார்கள் என்றால் குழந்தைநல மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குறைந்த அளவில் அது அறிகுறியே காட்டாது.

அடுத்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பழைய கூரைத் தகடு, பழைய வினைல் தரை, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, குழாயைச் சுற்றிய பழைய போர்வை ஆகியவற்றில் இது இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் துளையிடாமல், உடைக்காமல் அப்படியே நிறுத்திவிட்டுச் சோதிக்கக் கொடுங்கள். கல்நார்தான் என்று தெரிந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, மணலிலும் கல்லிலும் உள்ள சிலிக்கா. டைல், காங்கிரீட், கிரானைட் எதை அறுத்தாலும் வரும் மெல்லிய வெண்புகையில் இது இருக்கிறது. குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. அதை அறுக்கும் தொழிலாளர்களின் நுரையீரல் பாழாவதைக் காரணம் காட்டித்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. பொருத்தி முடித்த கல்லால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை, அறுக்கும்போதுதான் ஆபத்து. எனவே சிங்க் துளை, அடுப்புத் துளை, விளிம்பு உருட்டல் எல்லாம் பட்டறையிலேயே முடிந்து வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் தவிர்க்க முடியாத சின்ன அறுப்பு இருந்தால் தண்ணீர் ஊற்றியபடி, திறந்தவெளியில், அறுப்பவர் முகக்கவசத்தோடு செய்யட்டும். "ஒரே ஒரு டைல்தானே" என்று உள்ளேயே உலர்வாக அறுத்தால் அன்று முழுக்கத் துடைத்தது அத்தனையும் வீண்.

இனி எல்லை. சமையலறை வாசலில் குறைந்தது 150 மைக்ரான், முடிந்தால் 200 மைக்ரான் பாலித்தீன் தாளைக் கூரை முதல் தரை வரை கட்டுங்கள். டேப்பைச் சுவரில் நேரடியாக ஒட்டினால் ஒன்று நாலு நாளில் கழன்று தொங்கும், அல்லது கழற்றும்போது பெயின்ட்டோடு வரும். மெல்லிய மரச்சட்டத்தைத் தாளின் மேல் வைத்துத் திருகிவிட்டால் கடைசி நாள் வரை நிற்கும். போகவர நடுவில் ஜிப் வைத்த தாள் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் இரண்டு தாள்களை 40 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி தொங்கவிடலாம்.

இந்தத் தாள் தூசியைத் தடுக்கும், குழந்தையைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நடக்கத் தெரிந்த குழந்தைக்குத் தொங்கும் தாள் என்பது ஒளிந்து விளையாடும் இடம். முகத்தில் சுற்றிக்கொண்டால் மூச்சு முட்டும். அதனால் தாளுக்கு இந்தப் பக்கம், குழந்தை வரும் பக்கத்தில், பூட்டக்கூடிய கதவோ ஒரு மீட்டர் உயரத்துக்குத் திருகி நிறுத்திய பிளைவுட் தடுப்போ தனியாக இருக்க வேண்டும். வெட்டி மிஞ்சிய பாலித்தீன் துண்டுகளை உடனே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

தாளை எவ்வளவு இறுக்கமாகக் கட்டினாலும், காற்று வீட்டுக்குள் தள்ளினால் தூசியும் கூடவே வரும். சமையலறை ஜன்னலில் வெளிப்பக்கம் ஊதும்படி ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்துவிடுங்கள். சமையலறைக்குள் சீலிங் ஃபேன் ஓடக் கூடாது. வீட்டின் மறுபக்க ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தால் காற்று வீட்டிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து வெளியேயும் போகும். சரியாகப் போகிறதா என்று பார்ப்பது எளிது. டிஷ்யூ தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து வாசல் தாளின் இடைவெளியில் பிடியுங்கள். பட்டை சமையலறைப் பக்கம் இழுபட வேண்டும். உங்கள் பக்கம் பறந்தால் எதிர்க்காற்று அடிக்கிறது. மறுபக்க ஜன்னல் போதுமான அளவு திறந்திருக்கிறதா என்றும், ஃபேனைச் சுற்றி ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மைய ஏ.சி. உள்ள வீட்டில் சமையலறைக் காற்றை உறிஞ்சும் துவாரத்தை முதல் நாளே மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அதுவே தூசியைப் படுக்கையறை வரை கொண்டுபோய்க் கொட்டும்.

துடைப்பத்தை வேலை முடியும் வரை மறந்துவிடலாம். அது பெரிய துகளை மூலைக்குத் தள்ளி, நுண்ணிய துகளைக் காற்றில் எழுப்புகிறது. சாதாரண வாக்குவம் கிளீனரும் நுண்துகளைப் பின்பக்கத்தில் ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளது வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். அது இல்லாவிட்டால் ஈர மாப் போதும், ஆனால் இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் அலசும் தண்ணீர். ஒரே வாளி என்றால் இரண்டாவது அறைக்குப் போகும்போதே சேற்றைப் பூசத் தொடங்கிவிடுகிறோம். நேரமும் முக்கியம். நுண்தூசி காற்றில் பல மணி நேரம் மிதந்து இரவில்தான் தரையில் படிகிறது. மாலையில் துடைத்த தரையில் மறுநாள் காலை மீண்டும் ஒரு படலம் இருக்கும். ஆகவே மாலையில் ஒருமுறை, காலையில் குழந்தையைத் தரையில் விடும் முன் ஒருமுறை. காலைத் துடைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வேலையைப் பார்த்துவிட்டு வரும் அப்பாவோ அம்மாவோ அதே சட்டையோடு குழந்தையைத் தூக்கினால் எல்லைக்கு அர்த்தமே இல்லை. தாளுக்கு அந்தப் பக்கம் தனிச் செருப்பு, மேலே போட்டுக்கொள்ள ஒரு பழைய சட்டை, வாசலில் ஈரச்சாக்கு. அந்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. பஞ்சு பொம்மைகளைப் பைகளில் கட்டி வைத்துவிட்டு, கழுவக்கூடிய பொம்மைகளை மட்டும் வெளியில் விடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். வாய்க்குள் போகும் தூசியில் பெரும்பங்கு கை வழியாகத்தான் போகிறது.

வேலை எப்போது, தூக்கம் எப்போது

இடிப்பு, பழைய டைல் பெயர்ப்பு, ஒயருக்கும் குழாய்க்கும் சுவரில் காடி எடுப்பு ஆகிய மூன்றும் நடக்கும் நாட்களில் குழந்தை வீட்டில் இருக்கவே கூடாது. காலையில் ஆட்கள் வரும் முன் கிளம்பி, மாலையில் துடைத்த பின் திரும்புவது நல்லது. இந்த நாட்களைக் குறைக்க ஒரு வழி, தூசி வேலைகளை எல்லாம் ஒரே கட்டத்தில் அடுக்குவது. அப்படியே விட்டால் அவை சிதறிவிடும். இன்று பாதி சுவர், அடுத்த வாரம் காடி, எல்லாம் முடிந்து பெயின்ட் அடித்த பிறகு "சிம்னிக் குழாய்க்கு ஓட்டை போட மறந்துட்டோம்" என்று சுவரைத் துளைக்கும் ஒரு கோர் கட்டிங். முதல் நாளே சமையலறையில் நின்று, சிம்னிக் குழாய், எக்ஸாஸ்ட், கேஸ் குழாய், குடிநீர் வடிகட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கழிவு, ஒவ்வொரு பிளக் பாயிண்ட் என்று அத்தனை துளைகளையும் சுவரில் சாக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காத துளை பின்னால் கிளம்பாது என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் ஐந்து ஒன்றாகக் குறையும்.

அதன்பிறகு வருவது காத்திருப்பு. சிமென்ட் பூச்சுக்கு ஏழு நாட்களாவது நீர் காட்ட வேண்டும். டைல் ஒட்டிய பிறகு இடைவெளிகளை நிரப்பும் க்ரௌட் போட ஒரு நாள், க்ரௌட் இறுக இன்னொரு நாள். கீழ் அலமாரிகளைப் பொருத்தி மட்டம் பார்த்த பிறகே மேடைக் கல்லுக்கு அளவெடுப்பார்கள். அளவெடுத்த கல் அறுபட்டு வரச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். அந்த இடைவெளியில் அடுப்பு மேடையும் இல்லை, சிங்க்கும் இல்லை. குடும்பத்தின் பொறுமை கெடுவது இந்தக் கட்டத்தில்தான். பழைய சிங்க்கையும் பழைய குழாயையும் இடிக்கும்போதே பத்திரமாகக் கழற்றி வைக்கச் சொன்னால், கீழ் அலமாரிகளின் மேல் 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைப் போட்டு, அதில் பழைய சிங்க்கை இறக்கி, வளையும் கழிவுக் குழாயால் இணைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர பிளம்பர் வேலை, வாரக்கணக்கில் குளியலறையில் குனிந்து பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. பிளைவுட்டின் வெட்டிய விளிம்பில் சிலிகான் தடவ மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் தண்ணீர் கீழே புது அலமாரிக்குள் வடியும்.

மதியத் தூக்கத்தைப் பற்றி ஆட்களிடம் வேலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். உடைக்கும் ட்ரில்லின் சத்தம் பக்கத்தில் 100 டெசிபெல்லை ஒட்டி வரும். கதவு மூடினாலும் குழந்தை எழுந்துவிடும். ஆனால் ஆட்களின் சாப்பாட்டு நேரத்தோடு சத்தமில்லாத வேலைகளைச் சேர்த்தால் இரண்டு மணி நேரம் எளிதாகக் கிடைக்கும். க்ரௌட் நிரப்புவது, குழாய்க்குள் ஒயர் இழுப்பது, அளவெடுத்துக் குறிப்பது, ஓரங்களில் டேப் ஒட்டுவது, குழாய் இணைப்புகளைப் பூசி ஒட்டுவது எல்லாமே அமைதியான வேலைகள்தான். கொத்தனாருக்கும் இதில் நஷ்டம் இல்லை, முன்கூட்டித் தெரிந்தால் போதும். சத்தத்தை மறைக்க மழைச் சத்தம் போன்ற ஒலி போடுவதாக இருந்தால் கருவி தொட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, 50 டெசிபெல்லுக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

ட்ரில் சத்தத்துக்குக் குழந்தை பயப்படுவது இயல்பு. ஓடாத ட்ரில்லைத் தூரத்திலிருந்து காட்டி, பெயர் சொல்லி, "இப்போ சத்தம் வரும், அப்புறம் நின்னுடும்" என்று சொல்லிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஓரிரு நொடி கேட்க வைத்தால் பயம் பாதியாகும். அதே நாற்காலி, அதே தம்ளர், அதே சாப்பாட்டு நேரம் மாறாமல் இருக்கட்டும். டயப்பர் பழக்கத்தை மாற்றுவது, பால் மறக்கடிப்பது, புதுக் கட்டிலுக்கு மாற்றுவது போன்ற பெரிய மாற்றங்களை வேலை முடிந்து சில வாரம் ஆன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்த நேரத்திலும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் என்று இருக்க வேண்டும். நாலு பெரியவர்கள் இருக்கும் வீட்டில்தான் குழந்தை கண்ணிலிருந்து நழுவுகிறது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரீஷியன் ஏதோ கேட்கக் கூப்பிட்டால், "நீ பார்த்துக்கோ, நான் போறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, "சரி" என்ற பதில் வந்த பிறகே நகர வேண்டும்.

தற்காலிக அடுப்படி

குழந்தையின் நடமாட்டப் பாதையில் இல்லாத ஒரு மூலையில், இரண்டு பக்கம் சுவர் உள்ள இடத்தில், ஆடாத மேஜையாகப் போட்டு, முன்னால் தடுப்பு வையுங்கள். மேஜை விரிப்பு வேண்டாம். குழந்தை அதை இழுத்தால் கொதிக்கும் பாத்திரமும் சேர்ந்து வரும். ஈரத் தரையும் மின்சாரமும் சேரும் குளியலறை இதற்கான இடம் இல்லை. கேஸ் சிலிண்டரைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவதும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் குழந்தை படுத்திருக்கும் தரை மட்டத்தில்தான் தேங்கும். காற்றோட்டமில்லாத அறையில் எரியும் அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும்.

எனவே மின் அடுப்புதான். அதற்குக் கணக்கு தெரிய வேண்டும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். 1,500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர். 1,200 வாட் இழுக்கும் மைக்ரோவேவ் 5 ஆம்பியருக்கு மேல். மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேர்த்தால் 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். பளு கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழுந்தால் நல்லகாலம், விழாவிட்டால் பிளக் உருகத் தொடங்கும். அடுப்புக்குத் தனி பாயிண்ட், மற்ற இரண்டில் ஒரு நேரத்தில் ஒன்று. பிளக்கையும் ஒயரையும் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்த இணைப்பு போதாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அந்த வழியில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தற்காலிக அடுப்படியில் நடக்கும் விபத்துகளில் மோசமானது வெந்நீர்க் காயம். கெட்டில் ஒயர் மேஜை விளிம்பில் தொங்கினால் ஒரே இழுப்பில் ஒன்றரை லிட்டர் கொதிநீர் குழந்தையின் மேல் கொட்டும். ஒயரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்ச் சுவரில் கிளிப் அடித்து, கெட்டிலை மூலையில் வையுங்கள். மேஜையில் வைத்த தேநீர்க் கோப்பைக்கும் இதே கவனம் தேவை. பாத்திரம் கழுவக் குளியலறை வெந்நீரைப் பயன்படுத்தத் தொடங்கினால் ஹீட்டரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் பெரியவரின் தோலையே ஐந்து நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும், குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். மூன்று மணி நேரம் கழிந்திருந்தாலும் அதில் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலும், முகம், கை, பாதம், இடுப்புக்குக் கீழ் என்றாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சமையலை எளிதாக்க, இடிப்புக்கு முந்தைய வாரத்திலேயே குழந்தையின் உணவில் சிலவற்றை ஒரு வேளைக்கான சிறு பெட்டிகளில் உறையவைத்துத் தேதி எழுதி வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு இடம் கொதித்தும் ஒரு இடம் குளிர்ந்தும் இருக்கும். நன்றாகச் சூடாக்கி, கிளறி, ஆறவைத்து, உதட்டில் தொட்டுப் பார்க்காமல் கரண்டியில் எடுத்து மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக் கூடாது. ஃபிரிட்ஜை இடம் மாற்றும்போது படுக்கப்போடாமல் நிமிர்த்தியே நகர்த்தி, பின்னால் காற்றுப்போக இடம் விட்டு, உள்ளே 5 டிகிரிக்குள் இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டரால் பாருங்கள். தூக்கிப் போடப்போகும் பழைய ஃபிரிட்ஜ் ஓர் இரவு வாசலில் நின்றாலும் அதன் கதவை முதலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே புகுந்து மூடிக்கொண்ட குழந்தையால் வெளியே வர முடியாமல் போகும்.

தரையில் கிடப்பவை, சாய்ந்து நிற்பவை

டைல்களுக்கு நடுவே வைக்கும் பிளஸ் வடிவ ஸ்பேசரும், சுவர்த் துளையில் செருகும் ராவல் பிளக்கும் பளிச்சென்ற நிறத்தில் வருகின்றன. வடிவமைத்தவர்கள் குழந்தையை நினைக்கவில்லை, ஆனால் குழந்தை எடுப்பது அவற்றைத்தான். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 3.2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும். திருகாணி, நட்டு, ஒயரின் செம்புத் துண்டு, அலமாரியின் தட்டு நிற்கும் சிறு ஆணி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். மாலையில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் இரும்பு வந்துவிடும். பிளாஸ்டிக்கும் செம்பும் வராது. டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் அவற்றின் நிழல் நீளமாகத் தெரியும், பொறுக்கிவிடலாம்.

லேசர் அளவுகோல், டிஜிட்டல் காலிப்பர், அலமாரிக்குள் ஒட்டும் சிறு விளக்கு, அதன் ரிமோட் ஆகியவற்றில் பட்டன் பேட்டரி இருக்கலாம். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டி, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேன் தேடுவதற்காகப் புறப்பாடு தாமதமாகக் கூடாது.

டைல் ஊறவைத்த வாளியும், பூச்சுக்கு நீர் காட்டும் டிரம்மும் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானவை. இந்த வயதில் தலை கனம். குனிந்து எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாக விழுந்தால் தானாக நிமிர முடியாது. சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும், சத்தமும் வராது. ஆட்கள் போன பிறகு எந்த வாளியிலும் தண்ணீர் இருக்கக் கூடாது. கவிழ்த்துவைப்பதே வழக்கமாகட்டும். ஈர சிமென்ட் கடும் காரத்தன்மை கொண்டது, தோலையும் கண்ணையும் அரித்துவிடும். பட்டால் நிறைய தண்ணீரில் கழுவ வேண்டும். கண் என்றால் 20 நிமிடம் கழுவியபடியே மருத்துவமனை. டைல் கறை நீக்கும் ஆசிட்டையும் தின்னரையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வேலையிடத்திலும் எட்டிப்பார்க்கும். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சுவரில் சாய்த்த கல்லின் எடையை யாரும் கணக்குப் போடுவதில்லை. 2.4 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 20 மி.மீ. கனம் உள்ள கிரானைட் பலகை 78 கிலோ வரும். அடியைச் சற்றே நகர்த்தினால் சரியும். பூட்டிய இடத்தில் படுக்கவைக்க வேண்டும். கல்லைப் படுக்கவைத்தால் விரிசல் விடும் என்று கல்காரர் சொன்னால், நிமிர்த்திச் சுவரோடு கயிறு கட்டட்டும். உயரமான அலமாரியையும் சுவரில் திருகி முடிக்கும் வரை நிறுத்திவைக்கக் கூடாது. ஏணியைப் படுக்கவைத்துப் பூட்டிய அறைக்குள் போடுங்கள்.

புதுச் சமையலறை வரைபடத்திலேயே

இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 86, 87 செ.மீ. மேடையின் வழக்கமான உயரம் 85 முதல் 90 செ.மீ. அதாவது மேடையின் கூரிய மூலை, ஓடிவரும் குழந்தையின் நெற்றிக்கு நேராக இருக்கிறது. கல் அறுக்கும் முன்பே திறந்த மூலைகளை 25 மி.மீ. ஆரத்துக்காவது வளைக்கச் சொன்னால் அது சின்ன வேலை. பொருத்திய பிறகு ரப்பர் மூடிதான் ஒட்ட முடியும், அதைக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கெட்டில் வைக்கும் பிளக் பாயிண்ட்டை மேடையின் உள்மூலையில் கேளுங்கள். விளிம்பை ஒட்டிய பாயிண்ட் என்றால் ஒயர் தொங்கத்தான் செய்யும். இழுப்பறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் திறந்த நிலையில் அது ஏணி. ஒன்று திறந்திருக்கும்போது மற்றவை திறக்காத வகையைக் கேட்டு வாங்கலாம். காந்தப் பூட்டைப் பொருட்களை அடுக்கும் முன்பே பொருத்திவிடுங்கள். பாத்திரம் கழுவும் மாத்திரையும் கத்தியும் ஒருநாள்கூட பூட்டில்லாமல் இருக்க வேண்டாம். அதோடு கீழே ஒரு இழுப்பறையைக் குழந்தைக்கென்றே ஒதுக்கி, உடையாத கிண்ணங்களை வைத்தால், மற்ற இழுப்பறைகள் மேல் உள்ள நாட்டம் குறையும். தனியாக நிற்கும் ஓவன் வாங்கினால் அதோடு வரும் கவிழாமல் பிடிக்கும் கொக்கியைத் தரையிலோ சுவரிலோ பொருத்தியே தீர வேண்டும். திறந்த கதவில் குழந்தை ஏறினால் ஓவன் முழுவதும் முன்னால் சாயும்.

வேலை முடிந்ததும்

பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் பலகை எல்லாவற்றின் பசையிலிருந்தும் ஃபார்மால்டிஹைட் என்ற வாயு கசியக்கூடும். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஐரோப்பியக் கசிவுத் தர வகையில் இ1 அல்லது அதைவிடக் குறைந்த கசிவு கொண்ட பலகையைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், பலகையின் வெட்டிய விளிம்புகள் எல்லாம் பட்டையால் மூடப்பட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும், ஒயருக்காகப் போட்ட துளைகளையும் அப்படியே விட்டுவிடுவார்கள். வாயு அதிகம் வருவது அங்கிருந்துதான். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். பெயின்ட், வார்னிஷ், சிலிகான் எல்லாம் முடிந்த பிறகு அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்துவைத்து, ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு இரண்டு வாரம் தரமுடிந்தால் தாருங்கள். அதுவரை குழந்தை தூங்கும் அறைக் கதவு மூடியே இருக்கட்டும். வாசனைத் திரவியம் தெளித்து நெடியை மறைப்பது வாயுவைக் குறைக்காது, இன்னொன்றைச் சேர்க்கத்தான் செய்யும்.

பாலித்தீன் தாளைக் கழற்றுவதற்கு முன் உள்ளே மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு, உட்புறம், இழுப்பறைத் தடம், பிறகு தரை. தாளை உட்பக்கமாகச் சுருட்டி எடுங்கள், உதறாதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர். புதுக் குழாய் வேலையில் பிளாஸ்டிக் சீவல், பசைத் துணுக்கு, மணல், உலோகத் தூள் எல்லாம் குழாய்க்குள் மிஞ்சியிருக்கும். குழாய் முனையில் திருகியிருக்கும் சிறு வலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைச் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, வலையைக் கழுவி மீண்டும் திருகுங்கள். கழற்றாமல் ஓடவிட்டால் அத்தனை துணுக்கும் வலையில் சிக்கி, குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும். குடிக்கவும் சமைக்கவும் குளிர்நீர்ப் பக்கத்திலிருந்தே பிடியுங்கள். வெந்நீர் குழாயின் உலோகத்தை அதிகம் கரைக்கும். இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் காலையில் கொஞ்சம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த வலையை இன்னொரு முறை கழற்றிப் பாருங்கள். முதல் தடவை வராத துணுக்குகள் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.